மடி மாறிய பிள்ளை

தன்சுக்ராய் குடும்பத்துக்கு எத்தனை கம்பெனி என்று கல்கத்தாவில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். சணல் ஆலை, சர்க்கரை ஆலை, காகித ஆலை, டூவார்ஸ் பக்கம் தேயிலைத் தோட்டம். அதற்கப்புறம் வாசலில் பலகை மட்டும் இருந்து உள்ளே நாற்காலி கூட இல்லாத ஏதேதோ கம்பெனிகள். பொன்விழாவுக்கு வழவழக் காகிதத்தில் ஒரு மலர் போட்டார்கள். பெரியவர் தன்சுக்ராய் ராஜஸ்தான் மணல்காட்டிலிருந்து ஒரு செம்பும் ஒரு கம்பளியுமாக ஹௌராவில் வந்து இறங்கினார் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். மார்வாடிக் குடும்பத்து மலர் எதை எடுத்தாலும் அதே செம்பு, அதே கம்பளிதான். அத்தனை செம்பும் எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.

அந்த மலரை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டினாலும் ஒரு பெண்பிள்ளை பெயர் கிடைக்காது. மன்பரியின் பெயரை அதில் தேடினால் தேடுகிறவனுக்குத்தான் பைத்தியம். ஆனால் அவள் மட்டும் ஒரு நாள் வாயைத் திறந்து வேறு மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கம்பெனிகளின் தலையெழுத்தே மாறியிருக்கும். அவள் தலையெழுத்தும்தான்.

மன்பரி பெரியவரின் இரண்டாவது மருமகள். ராஜஸ்தானில் சூரூ பக்கம் ஒரு சின்ன ஊரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். பெரிய இடம் என்று கட்டிக்கொடுத்தார்கள். கல்கத்தா அலிப்பூர் வீட்டில் அவள் வந்து இறங்கியபோது, சமையலறை மட்டுமே தன் பிறந்த வீட்டைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். எவ்வளவு கூட்டமானாலும் அந்த வீட்டில் ஒரே அடுப்புத்தான். அதில் பெரியவர் கறாராக இருந்தார். அடுப்பு இரண்டானால் கம்பெனி இரண்டாகும் என்பது அவருடைய பயம். ஆகவே மகன்கள், பேரன்கள், விருந்தாளிகள் எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். மருமகள்கள் முக்காடு போட்டுக்கொண்டு பரிமாற வேண்டும். மாமனார் எதிரில் மருமகள் குரல் கேட்கக் கூடாது.

இரண்டு மருமகள்கள். மூத்தவன் பன்சீதரின் மனைவி கேசர், மன்பரிக்கு 'ஜீஜி', அதாவது அக்கா. இளையவன் ஜுகல்கிஷோரின் மனைவி மன்பரி. கேசருக்குப் பிள்ளையே நிற்கவில்லை. போகாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. மன்பரிக்கோ லூண்கரண் பிறந்தான், அவனுக்கடுத்து பத்ரி பிறந்தான், மூன்றாவது வயிற்றில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேசர் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மன்பரி தொட்டிலை ஆட்டினால் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

அந்தக் குடும்பத்தில் பிள்ளை இல்லாவிட்டால் அது வெறும் துக்கத்தோடு முடிந்துபோகாது. மூத்த வீட்டுக்கு வாரிசு இல்லை என்றால் பாதிக் கம்பெனிக்குப் பெயர் சொல்ல ஆள் இல்லை. வெளியிலிருந்து தத்து எடுத்தால் அந்நிய ரத்தம் உள்ளே நுழையும். பெரியவர் ரொம்ப நாள் யோசித்தார். ஒரு நாள் காலையில் சமையலறைக்கு வெளியே வந்து நின்று தொண்டையைச் செருமினார். மன்பரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்போரம் ஒதுங்கினாள். அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். மருமகளோடு நேராகப் பேசக் கூடாதல்லவா, சுவர்தான் தரகர்.

"சின்ன மருமகளுக்கு ஆண்டவன் கை நிறையக் குடுத்திருக்கான். மூத்தவளுக்கு ஒன்னுமே குடுக்கல. பத்ரி ஒரு மடிலேர்ந்து இன்னொரு மடிக்கு மாறுறான், அவ்வளவுதான். வீடும் இதேதான், அடுப்பும் இதேதான். கண் முன்னாடியேதான் இருக்கப் போறான். என்னம்மா, சம்மதந்தானே?"

மன்பரிக்கு வாய் திறக்க வழியில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை உயர்த்தினாள். வளையல் குலுங்கியது. வாய் பேசக் கூடாத வீட்டில் வளையல் சத்தம்தான் 'சரி' என்பதற்கு அர்த்தம். "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார். அட பாவி மனுஷா, ஒரு நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா!

புருஷனிடம் அழுதாள். ஜுகல்கிஷோர் நல்லவர்தான். ஆனால் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவர்.

"நான் என்ன பண்ணட்டும், சொல்லு? அண்ணன் மூஞ்சியப் பாக்க முடியல. அதுவுமில்லாம நம்ம பத்ரி பெரிய வீட்டு வாரிசா ஆயிடுவான். பாதிக் கம்பெனி அவனுது. கம்பெனித் தலைவர் நாற்காலி லூண்கரணுக்குக் கூடக் கிடைக்காது, இவனுக்குத்தான். நீ அழ வேண்டியதில்லடி, சந்தோஷப்படணும்."

இவ்வளவு தைரியம் சொன்னவர், அட்சய திருதியையன்று தத்துக் கொடுக்கிற நேரத்துக்கு வீட்டில் இல்லை. விடிந்ததும் விடியாததுமாகப் பீகார் சர்க்கரை ஆலைக்கு ரயிலேறிவிட்டார். பார்க்க மனசு தாங்காதாம். பெற்றவளுக்கு மட்டும் தாங்குமாக்கும்!

ஹோமம் நடந்தது. மணையில் பன்சீதரும் கேசரும் உட்கார்ந்திருந்தார்கள். கேசர் கல்யாணப் பட்டையே கட்டியிருந்தாள்.

"பையனோட அப்பா எங்கே?" என்றார் புரோகிதர்.

"அவன் சம்மதம் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். அம்மா கையால குடுக்கட்டும்," என்றார் பெரியவர்.

பத்ரிக்கு அப்போது நாலு வயசு முடிந்திருந்தது. மஞ்சள் பட்டுச் சட்டை, ஒரு கையில் பாதி தின்ற லட்டு. இன்னொரு கையால் மன்பரியின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"மா, அங்க எதுக்கு உக்காரணும்?"

"சும்மாதான்டா. பெரியம்மா மடில போய் உக்காந்துக்கோ. உனக்குச் சாமி கும்பிடுறாங்க."

"எப்போ திரும்பி வரணும்?"

என்ன சொல்வாள்? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புரோகிதர் நேரம் ஆகிறது என்று முணுமுணுக்கிறார்.

"சாயங்காலம்," என்றாள்.

பிள்ளை நம்பிவிட்டான். ஆனாலும் முந்தானையை விடவில்லை. அவள்தான் அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். தூக்கிக் கேசரின் மடியில் வைத்தாள். "இன்னையிலேர்ந்து இவன் உங்க பிள்ளை, ஜீஜி," என்று புரோகிதர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். கேசர் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு போட்டோக்காரன் வந்தான். இன்றைக்கும் அந்தப் படம் இருக்கிறது. பெரியவரும் பன்சீதரும் நிற்கிறார்கள், கேசர் மடியில் பிள்ளை. எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள், பிள்ளை மட்டும் பக்கவாட்டில் பார்க்கிறான். அவன் யாரைப் பார்க்கிறானோ அவள் படத்தில் இல்லை.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மன்பரியின் அறைக்கதவு தட்டப்பட்டது.

"மா! சாயங்காலம் ஆயிடுச்சு, மா!"

ஒரு வருஷத்துக்குப் பெற்றவள் கை பிள்ளைமேல் படக் கூடாது, பட்டால் புது மடி தங்காது என்று புரோகிதர் சொல்லியிருந்தார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மன்பரி கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிள்ளை தட்டித் தட்டி, அப்புறம் காலால் உதைத்து, அப்புறம் அழுது, கடைசியில் கேசர் வந்து தூக்கிக்கொண்டு போனாள். அவன் மறுநாள் வந்து தட்டவில்லை. அதற்கப்புறம் என்றைக்குமே தட்டவில்லை.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் வந்துவிடுகிறது. கேசரை 'மா' என்று கூப்பிடப் பழகினான். மன்பரியைக் 'காகி' என்றான். காகி என்றால் சித்தி, சித்தப்பன் பெண்டாட்டி. முதல் தடவை அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அவள் கையிலிருந்த கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. "பாத்து, காகி," என்று அதை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

அவளுக்கு மிஞ்சியது பரிமாறுகிற வேலை ஒன்றுதான். சமையற்கார மகராஜ் தணலில் புல்கா ரொட்டியை உப்ப வைத்து எடுத்துப் போட, மன்பரி நெய் தடவிக் கூடத்துக்கு ஓடுவாள். லூண்கரணுக்குப் போடுவாள், அப்புறம் பிறந்த இரண்டு பையன்களுக்கும் போடுவாள், பத்ரிக்கும் போடுவாள். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஓரத்தில் லேசாகக் கருகினது அவனுக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"மகராஜ், ஒன்னே ஒன்னக் கொஞ்சம் கருக விடுங்க."

"சின்னம்மா, வேணும்னே ரொட்டியத் தீய விடச் சொல்ற வீடு இந்த ஊர்லயே இது ஒன்னுதான். என் பேரு கெட்டுப்போச்சு போங்க."

அவருக்கும் விஷயம் தெரியும். அந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? காதும் காதும் வைத்தாற்போல் எல்லோரும் தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். பத்ரி நிமிர்ந்து பார்க்கமாட்டான். வயிறு நிறைந்ததும் கையைத் தட்டுக்கு மேல் விரித்து, "போதும், காகி," என்பான். அந்த ஒரு பேச்சுக்காக மன்பரி காலையிலிருந்து காத்திருப்பாள். வெட்கக்கேடுதான். இருந்தாலும் காத்திருப்பாள்.

ஒரு தடவை பத்ரிக்கு டைபாய்டு வந்து ஆளே துரும்பாகிவிட்டான். மன்பரி மாடி அறை வாசலில் போய் நின்றாள். கேசர் பாய்ந்து வந்தாள்.

"இங்க ஏன்டி நிக்கறே? உன் பெருமூச்சு பட்டுத்தான் என் பிள்ளை இப்படிக் கிடக்கான். போ கீழே!"

மன்பரி கீழே போனாள். கேசர் கெட்டவள் இல்லை. திருடாத பொருளை வைத்துக்கொண்டு திருடிய பயத்தோடு வாழ்ந்தவள், அவ்வளவுதான். பல வருஷம் கழித்துப் படுக்கையில் விழுந்தபோது அவளே சொல்லியனுப்பி மன்பரியைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இத்தனை வருஷமும் உன்னப் பாத்துப் பயந்தே செத்தேன், மன்பரி. நீ ஒரு தடவை 'வாடா'ன்னு கூப்பிட்டா ஓடிடுவான்னு பயம். நீ கூப்பிடவே இல்ல."

"அவன் உங்க பிள்ளை, ஜீஜி."

"நான் போனதுக்கப்புறமும் கூப்பிடாதடி. என் மடி காலியாயிடும். சத்தியம் பண்ணு."

சாகிறவள் கேட்டால் என்ன செய்வது? மன்பரி சத்தியம் செய்து கொடுத்தாள். அந்த வீட்டில் அவளிடம் யார் எதைக் கேட்டாலும் அது அந்தப் பிள்ளையாகத்தான் இருந்தது.

பெரியவர் போனார், பன்சீதர் போனார், ஜுகல்கிஷோரும் போனார். கம்பெனியில் பெரிய நாற்காலி பத்ரிக்கு வந்தது. அங்கேதான் வினை. பிறப்பில் லூண்கரண் அண்ணன். வீட்டு வரிசையில் பத்ரி மூத்த வீட்டுப் பிள்ளை. அண்ணன்காரன் கோப்பைத் தூக்கிக்கொண்டு தம்பி கையெழுத்துக்கு நிற்க வேண்டும். லூண்கரணுக்கு அது சோற்றில் கல் மாதிரி நெருடிக்கொண்டே இருந்தது. காகித ஆலையை மூடலாம் என்றான் பத்ரி. மூடினால் மானம் போகும் என்றான் லூண்கரண். இது ஒரு சாக்கு. அது இல்லாவிட்டால் வேறொன்று கிடைத்திருக்கும். வாய்ச்சண்டை வக்கீல் வரைக்கும் போயிற்று. ஒரு நாள் காலையில் மேல்மாடியில் கொத்தனார் சத்தம் கேட்டது. பத்ரியின் மனைவி அங்கே தனிச் சமையலறை கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுப்பு இரண்டாயிற்று. பெரியவர் பயந்தது சரியாக நடந்தது.

கீழ்க்கூடத்தில் ஒரு பலகை குறைந்தது. மன்பரி பழக்கத்தில் ஒரு புல்காவைக் கருக விடச் சொல்வாள். மகராஜ் எதிர்ப்பேச்சு இல்லாமல் கருக விடுவார். அது தட்டிலேயே ஆறிக் கிடக்கும். மாடிக்குப் போகிற படிக்கட்டு அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் தண்ணீர் குடித்தால் கூடத் துரோகம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

சொத்தைப் பிரித்துக் கொடுக்கச் சமூகத்துப் பெரியவர்கள் மூன்று பேரைப் பஞ்சாயத்தாக வைத்தார்கள். கோர்ட்டுக்குப் போனால் ஊர் சிரிக்குமே! பாதிக்குப் பாதி என்று முடிந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் லூண்கரணின் வக்கீல் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துத் தத்தில் எழுத்தே கிடையாது. பிள்ளையைப் பெற்றவர் கையால் எடுத்து மற்றவர் மடியில் கொடுத்தால்தான் தத்து. கொடுக்கவில்லை என்றால் ஹோமம் வளர்த்ததும் போட்டோ எடுத்ததும் வெறும் வேடிக்கை. அப்பா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. புரோகிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேசர் இல்லை, பெரியவர் இல்லை. படத்தில் பிள்ளை மடியில் இருக்கிறான், யார் கொடுத்தார்கள் என்று படம் சொல்லாது. அந்தச் சடங்கில் கை வைத்தவர்களில் மிச்சம் இருப்பது மன்பரி ஒருத்திதான்.

லூண்கரண் அம்மாவின் அறைக்கு வந்து தரையிலேயே உட்கார்ந்தான். அவன் தரையில் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"மா, ஒரே ஒரு வார்த்தை. 'நான் என் கையால குடுக்கல, மாமனார்தான் தூக்கிட்டுப் போய் வெச்சார்'னு சொல்லு. போதும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"எது பொய்? நீ மனசாரக் குடுத்தியா? சொல்லு பாப்போம்."

மன்பரி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"பத்ரிய நான் என்ன தெருவுலயா விடப்போறேன்? நாலு பிள்ளைல அவனும் ஒருத்தன் ஆயிடுவான். நாலுல ஒரு பங்கு அவனுக்கு. நாங்க மூனு பேரும் அண்ணன் தம்பியா அவனப் பாத்துக்கறோம். அதுக்கும் மேல உனக்கு ஒன்னு இருக்கு, மா. அவன் உன் பிள்ளைன்னு தீர்ப்பாயிடும். உன்ன மா-ன்னு கூப்பிடாம அவன் யாரக் கூப்பிடுவான்?"

பையன் கெட்டிக்காரன். எங்கே தொட்டால் வலிக்கும் என்று பார்த்துத் தொட்டான். வாசலில் நின்றிருந்த அவன் மனைவி தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்.

"கூட இருந்து கஞ்சி ஊத்தறவங்க பக்கம் பேசறதுக்கே அத்தைக்கு இவ்ளோ யோசனை. மேல இருக்கறவர் தீபாவளிக்குக் கால்ல விழறதோட சரி."

"நீ உள்ள போ," என்றாள் மன்பரி. அவள் மருமகளை அதட்டியது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பொய் சொல்வதற்கில்லை, ஆசை வெறி மாதிரி பிடித்து ஆட்டியது. 'மா' என்று ஒரு தடவை. இந்தக் கட்டை வேகிறதற்கு முன்னால் ஒரு தடவை. கேசருக்குக் கொடுத்த சத்தியமா, போகட்டும் போ, அவள் செத்து எத்தனை காலமாயிற்று என்று கூட நினைத்தாள். ஆனால் லூண்கரணை அவளுக்குத் தெரியும். நாலில் ஒரு பங்கு என்பான், பிறகு அந்தப் பங்குக்கு பத்ரி இவன் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. அந்தப் பிள்ளை பெற்றவளை இழந்ததற்குப் பதிலாகக் கிடைத்தது அந்த நாற்காலி ஒன்றுதான். 'அதையும் நானே பிடுங்கினால் எதற்காக அந்த விரல்களைப் பிரித்துவிட்டேன்?' என்று கேட்டுக்கொண்டாள்.

பஞ்சாயத்துக்கு முதல் நாள் மத்தியானம், யாரும் எதிர்பாராமல் பத்ரி கீழே வந்தான். எல்லோரும் ஆபீசுக்குப் போயிருந்தார்கள். அவனே ஒரு பலகையை எடுத்துப் போட்டுப் பழைய இடத்தில் உட்கார்ந்தான். காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது.

"காகி, ஒரு புல்கா கிடைக்குமா?"

மகராஜ் மன்பரியைப் பார்த்தார். பிறகு சொல்லாமலேயே ஒன்றைக் கருக விட்டார். அவள் நெய் தடவிக் கொண்டுவந்து போட்டாள். அவன் சாப்பிட்டான். இன்னொன்று போட்டாள், சாப்பிட்டான். போட்டுக்கொண்டே இருந்தாள், அவன் கையைத் தட்டின்மேல் விரிக்கவே இல்லை. மகராஜுக்கு மாவு தீர்ந்துபோய் மறுபடி பிசைய உட்கார்ந்தார்.

"நாளைக்கு உங்களக் கேப்பாங்க, காகி."

"ம்."

"யார் என்ன சொன்னாங்கன்னு பாக்காதீங்க. உங்க மனசுல என்ன இருக்கோ அதச் சொல்லுங்க."

ஏதோ இன்னும் சொல்ல வந்தவன் போல அவள் முகத்தைப் பார்த்தான். முக்காடு இருந்தது. எழுந்து கைகழுவிவிட்டுப் போனான். பாவம், நாற்காலி போய்விடுமோ என்ற பயத்தில் பிள்ளை இப்படி அலைகிறான் என்று நினைத்துக்கொண்டாள் மன்பரி. நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் அதே சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளை விரிப்புப் போட்டுப் பஞ்சாயத்து கூடியது. ஒரு பக்கம் லூண்கரணும் இரண்டு தம்பிகளும் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் பத்ரி. நடுவில் மூன்று பெரியவர்கள். மன்பரிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று பேரில் வயசானவர் அண்ணி முறை வைத்து நயமாகக் கேட்டார். "பாபி, உங்களக் கஷ்டப்படுத்தறதுக்கு மன்னிக்கணும். வாயால சொல்ல வேண்டாம். பிள்ளைய உங்க கையால குடுத்தது உண்மைன்னா வளையலக் குலுக்குங்க, போதும். இல்லைன்னா சும்மா இருங்க."

மன்பரி விதவை. அவள் கையில் வளையல் ஏது? மனுஷருக்கு அது தோன்றவே இல்லை. யாரோ இருமினார்கள். அந்தக் கூடத்தில் ஆண்கள் எதிரில் அவள் அதுவரை வாய் திறந்ததே இல்லை. இப்போது முக்காட்டைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டாள்.

"வளையல் சத்தத்தக் கேட்டுத்தான் ஒரு தடவை என் பிள்ளைய எடுத்துட்டுப் போனீங்க. இன்னைக்கு வாயால சொல்றேன், கேட்டுக்குங்க. நான்தான் குடுத்தேன். என் முந்தானையக் கெட்டியாப் பிடிச்சிருந்தான். ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சுவிட்டேன். தூக்கி ஜீஜி மடில வெச்சேன். 'இவன் உங்க பிள்ளை'ன்னு என் வாயால சொன்னேன். யாரும் பிடுங்கல. நான் குடுத்தேன்."

"மா!" என்றான் லூண்கரண். அந்த வார்த்தையை அந்தக் கூடத்தில் சொன்னவன் அவன்தான்.

பத்ரி தலையைக் குனிந்துகொண்டான். ஜெயித்தவன் முகம் மாதிரியே இல்லை. பஞ்சாயத்து அரைமணி நேரத்தில் முடிந்தது. பாதிக்குப் பாதி. காகித ஆலையும் தேயிலைத் தோட்டமும் பத்ரிக்கு, சணலும் சர்க்கரையும் லூண்கரண் பக்கத்துக்கு, அலிப்பூர் வீடும் லூண்கரண் பக்கத்துக்கு. லூண்கரண் அம்மாவைக் கடந்து போகும்போது நின்றான்.

"பெத்த கடன் தீர்ந்துச்சு. சாப்பாடு வரும், மருந்து வரும். என்கிட்ட பேச வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடியே கடைசிவரை பேசவில்லை.

கூடம் காலியானதும் பத்ரி எழுந்து அவளிடம் வந்தான். மன்பரி தூணை விட்டு முன்னால் வந்தாள்.

"உன் நாற்காலிய ஒன்னும் ஆக விடல பாத்தியாப்பா? நேத்து நீ வந்து உக்காந்திருந்தப்பவே..."

"நாற்காலியா?" என்றான் பத்ரி. "நேத்து நான் எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க, காகி?"

அவள் விழித்தாள்.

"நீங்க 'குடுக்கல'ன்னு சொல்வீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். அது அவங்க சொல்லச் சொன்ன பொய்யா இருந்தாலும் சரி, ஒரு தடவை அந்தப் பொய்ய உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு. எல்லாக் கம்பெனியையும் லூண்கரணே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டுக் கீழ வந்திருப்பேன். எனக்கு அந்த நாற்காலி வேணும்னு உங்ககிட்ட யார் சொன்னா? நான் சொன்னேனா?"

"நான்... உனக்கு நல்லதுன்னு..."

"அப்பவும் நல்லதுன்னுதான் குடுத்தீங்க. இப்பவும் நல்லதுன்னுதான் குடுத்தீங்க. அதான் வக்கீல் முன்னாடி சொல்லிட்டீங்களே, யாரும் பிடுங்கலன்னு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். 'இப்போ கூப்பிடுடா, இப்போ ஒரு தடவை கூப்பிடு' என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கேசரின் முகம் குறுக்கே வந்து நின்றது, தானே சற்றுமுன் சொன்ன வார்த்தையும் நின்றது. ஐயோ, அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு இருந்தது. அதையும் சும்மா விட்டாள்.

வாசலில் சாமான் வண்டி வந்து நின்றிருந்தது. பத்ரியின் மனைவி முன்கூட்டியே பாலிகஞ்சில் வீடு பார்த்து வைத்திருந்தாள், அன்றைக்கே எல்லோரும் அங்கே போகிறார்கள். அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான்.

"போயிட்டு வரேன், காகி."

"எப்போப்பா வருவே?" அவள் பின்னாலேயே ஓடி வந்து கேட்டாள். "பத்ரி, எப்போ வருவே?"

அவன் வாசற்படியில் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

"சாயங்காலம்," என்றான்.

இறங்கிப் போய்விட்டான். மன்பரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது என்று அத்தனை காலமும் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். கதவைத் தட்டியது, உதைத்தது, எல்லாமே அவனுக்கு நினைவிருந்திருக்கிறது.

இனி அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். மகராஜுக்கும் தெரியும். விளக்கு வைத்ததும் வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள், யாரும் அவளோடு பேசவில்லை. மகராஜ் தணலைத் தள்ளி அடுப்பை அணைக்கப் போனார்.

"இருக்கட்டும், மகராஜ்," என்றாள் மன்பரி. "இன்னும் ஒரு ஆள் சாப்பிடல."

மகராஜ் மாவுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.